இடுப்பில் கட்டிய துண்டு

தை மாதம், வெள்ளி இரவு.

இன்று காரியத்தைக் கெடுத்துவிட்டேன். எல்லாம் கோபம்தான்.

அறுப்புக் கூலித் தகராறில் தஞ்சாவூரே கடையடைத்துக் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து மிராசுதார் பங்களாவில் மூன்று தெய்வங்கள் இறங்கியிருக்கின்றன. உடம்பெல்லாம் ஒளி. பழைய கூலிக்கே அறுக்கச் சொல்லி அருள்வாக்கு வேறு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் போலவே வருங்காலத்திலிருந்து வந்த பயல்கள். ஒளி வருவது சட்டையிலிருந்து. என் சட்டையும் அதே ரகம்தான்.

"இவனுங்க சாமியே இல்ல, மனுஷனுங்க! இந்தா, என்னையும் பாருங்க!" என்று பங்களா வாசலில் கூடியிருந்த கூலிக்காரர்கள் நடுவில் கத்தி, என் சட்டையையும் ஒளிரவிட்டேன். முட்டாள்.

காத்தமுத்து அண்ணன் முன்னால் வந்தார். ஒரு மாதமாக எனக்குச் சோறும் இடமும் கொடுத்திருக்கும் மனிதர். மிராசுதார் முன்னால் தோள்துண்டை எடுக்க மாட்டேன் என்று நின்று, அடிவாங்கி, ஒரு காது கேட்காமல் போனவர். அந்தத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் காலில் விழுந்தார்.

"எங்களுக்கும் ஒரு சாமியா வந்துட்டீங்க. கூலியை வாங்கிக் குடுங்க சாமி."

அந்த மூவரில் ஒருவன் என் காதருகே வந்து சிரித்தான். "நாங்களும் இப்படித்தான்யா ஆரம்பிச்சோம்."

சற்றுமுன் காத்தமுத்து அண்ணன் சோறு கொண்டுவந்து வைத்தார். நேற்றுவரை தம்பி என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

"உக்காருங்கண்ணே" என்றேன்.

உட்காரவில்லை. துண்டு இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. இது அவருடைய வீடு. வாசலுக்கு வெளியே நிற்கிறார்.