மலையேறிய டவுன் பஸ்

நேற்று வேலூரில் புத்தம் புது டவுன் பஸ் ஒன்றில் ஏறினேன். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை ஒட்டியது. நகரங்களுக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கி வாங்கிய வண்டிகளாம், பக்கத்தில் நின்றவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த வாசனை ஆகவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, கணியம்பாடி வண்டி வரும்வரை வெயிலில் நின்றேன். நின்றபடியே மனதுக்குள் உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதி, நீ போன பிறகு நடந்தது. அது உனக்குத் தெரியாமலே இருந்துவிடக் கூடாது.

மலைமேல் இருக்கும் நம் ஊருக்கு முதல் முதலாக பஸ் வந்தது எமர்ஜென்சி முடிந்த சமயத்தில். லாரி கிளீனராக இருந்து டிரைவராகி, போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னையே அதற்குப் போட்டார்கள். மலை வளைவு என்றால் மற்ற டிரைவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு அது வீட்டுக்குப் போகும் வழி. ராத்திரி நம் ஊரில் தங்கி, விடிந்ததும் கீழே இறங்கும் வண்டி. விடியும் முன்பே ஒரு குடம் தண்ணீரோடு நீ வந்து முன்கண்ணாடியைக் கழுவுவாய். “அது கவர்மெண்டு வண்டி, அதுக்கு டிப்போவுல ஆளு கீது” என்று நான் கத்துவேன்.

“கவர்மெண்டுன்னா யாரு மாமா? நம்ம வூட்டு வாசல்ல நிக்கிது. நம்ம வண்டிதான்” என்பாய்.

சந்தை நாளில் புளிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவாய். கண்டக்டர் கஜேந்திரன் டிக்கெட் வேண்டாம் அண்ணி என்று நகர்ந்தால், சட்டையைப் பிடித்து இழுத்துக் காசைத் திணிப்பாய். “டிரைவரு பொண்டாட்டின்னா ஓசியா? நாளைக்கி நஷ்டம்னு சொல்லி வண்டிய நிறுத்திட்டா?” என்று நீ கேட்டதும் வண்டியே சிரிக்கும். நீயும் சிரித்தாய். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அடிவாரத்து டவுன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதக் கை கூசுகிறது. அங்கே சேர்மன் என்று ஊரே அழைத்த பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். சினிமா கொட்டகை, ரைஸ்மில் எல்லாம் அவருடையவை. ஊர்களுக்குள் டவுன் பஸ் விட அரசாங்கம் பணம் கொடுக்கப்போகிறது என்று சேதி வந்தது. முன்கூட்டியே ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தால் பணம் தங்கள் ஊருக்குச் சீக்கிரம் வரும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த வண்டி அவருடைய கொட்டகை வழியாகப் போகவேண்டும் என்பதும் கணக்கில் சேர்த்தி. உபரி வண்டி கிடையாது. டிப்போ மேனேஜர் நம் மலை வண்டியை எடுத்துக் கொடுத்தார்.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். சேர்மன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

“சார், மழைக்காலம் வர்து சார். மலைக்கி வேற வண்டி கெடையாது” என்றேன்.

“பணம் குடுக்கறது டவுன் பஸ்ஸுக்குப்பா. மலையில ஏர்றவன் எத்தினி பேரு?” என்றார் மேனேஜர்.

சேர்மன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “மலக்காரன் நடந்து பழகினவன்யா. அவனுக்கு இன்னாத்துக்கு பஸ்ஸு?”

அன்று சாயங்காலம் நடந்தே மலையேறி வந்து உன்னிடம் சொன்னேன். நீ என்னைத் திட்டினாய். “நம்ம வண்டிய எதுக்கு மாமா அவங்களுக்குக் குடுத்த?” என்று, என்னவோ நானே தூக்கிக் கொடுத்தது மாதிரி. பிறகு அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாய். நான் டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வாரம் ஒருமுறை வீடு. அதே வண்டிக்கு வேறு பெயிண்ட் அடித்து, மலை போர்டைக் கழற்றிவிட்டு நம்பர் போர்டு மாட்டினார்கள். கொட்டகை, கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு; மறுபடி கொட்டகை. செக்குமாடு மாதிரி சுற்றினேன். பாதி சீட் காலியாகத்தான் கிடக்கும்.

சாமை அறுப்பு சமயம் அது. விடியும்போது கொல்லைக்குக் கதிர் அறுக்கப் போன உன்னைக் கண்ணாடிவிரியன் கடித்தது. முன்பென்றால் அந்த நேரத்தில் வண்டி வாசலில் நிற்கும், நான் வீட்டில் இருப்பேன். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் உனக்கே சலித்துவிடும்.

அன்று ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். எதிரே மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்ட டோலி ஒன்றை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முழங்கால் வரை சேறு. யாரோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அது நம் வீட்டுக் கம்பளி என்று தெரிந்து, இறங்கி ஓடினேன். முன்னால் தூக்கி வந்தவன் உன் தம்பி வேடி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவசரமாக ஓடிவந்தவன் நின்றுவிட்டான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது.

“அடிவாரம் வரைக்கும் பேசிக்கினே வந்திச்சி மாமா” என்று அழுதான். “பஸ்ஸு சத்தம் கேக்குதுடா, மாமா வர்றாரு பாருன்னு சொல்லிச்சி. நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஒண்ணும் வரல.”

என் பின்னால் வண்டியின் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

உன்னைப் புதைத்துவிட்டு, லீவு முடிந்ததும் வந்து அதே சீட்டில் உட்கார்ந்தேன். ‘நல்ல மனுஷன், தாங்கிக்கிட்டான்’ என்று மேனேஜர் சொன்னாராம். நான் தாங்கவில்லை. காத்திருந்தேன். ஒருவரோடும் சண்டை போடவில்லை, சாராயம் குடிக்கவில்லை. சேர்மன் கொட்டகை வாசலில் நின்றால் ஹார்ன்கூட அடிக்காமல் மரியாதையாக ஒதுங்கிப்போனேன்.

பணம் வந்தது. டவுன் பஸ் முறைப்படி தொடங்கும் விழா என்று பந்தல் போட்டார்கள். புது வண்டிகள் வந்து சேரவில்லை. நம் வண்டிக்கே மறுபடி ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்து, வாழைமரம் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சேர்மன் ரிப்பன் வெட்டி முதல் ஆளாக ஏறினார். பின்னாலேயே மேனேஜரும் டவுனின் பெரிய மனிதர்களும். மைக் செட்காரன் கைதட்டச் சொன்னான். நான் வண்டியை எடுத்தேன்.

கொட்டகைக்கு இடது பக்கம் திரும்பவேண்டும். நான் நேராகப் போனேன்.

“அண்ணே, லெப்ட்டு” என்றான் கஜேந்திரன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு பின் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஊர் எல்லை தாண்டும்வரை அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஊர்வலம் கொஞ்சம் பெரிய சுற்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில்தான் மேனேஜர் எழுந்து ஓடிவந்தார். “எங்கய்யா போற? நிறுத்துய்யா வண்டிய!”

“உக்காருங்க சார். வளைவு வர்து. பேச்சுக் குடுத்தா கை தவறிடும்” என்றேன்.

அவர் வெளியே பள்ளத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். அதற்கப்புறம் மேலே போகிறவரை எல்லோரும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேர்மன் முருகா முருகா என்று முனகினார். எனக்கு அது காதில் தேன் மாதிரி இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன் உன்னிடம்.

நம் ஊருக்குள் நுழைந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டதும் ஊரே ஓடிவந்தது. “பஸ்ஸு வந்துட்ச்சி! பஸ்ஸு வந்துட்ச்சி!” பெண்கள் கையில் கிடைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்க ஓடிவந்தார்கள். உள்ளே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். அவர்கள் முகம் வாடியதைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் போய்விட்டது.

இன்ஜினை நிறுத்தினேன். “எறங்குங்க. எடம் வந்துட்ச்சி.”

“இன்னாப்பா வேணும் உனக்கு? பணமா?” என்றார் சேர்மன்.

“ஒண்ணும் வேணாங்க. நான் இனிமே இந்த வண்டிய ஓட்ட மாட்டேன். ஓட்டத் தெரிஞ்சவங்க இருந்தா கீழ ஓட்டிக்கினு போலாம்.”

வெளியே எட்டிப் பார்த்தவர்களில் அந்த வளைவுகளில் பஸ் இறக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

“எனக்கு முட்டி வலிப்பா. நான் எப்படி நடக்கறது?”

“நடந்து பழகினா பஸ்ஸு இன்னாத்துக்குன்னு நீங்கதான சொன்னீங்க. பழகிக்குங்க.”

மேனேஜர் குனிந்து அவர் காதில் உன்னைப் பற்றிச் சொன்னார். அவருக்கு அப்போதுதான் நான் யார் என்று தெரிந்தது. “உன் பொண்டாட்டி செத்த விஷயம் எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமாத் தெரியாது” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் என்னை எரித்தது. மேனேஜராவது லீவு எழுதிக் கொடுத்தார். இவருக்கு நீ செத்ததுகூடத் தெரியாது.

உன் பெயரைச் சொன்னேன். திருப்பிச் சொல்லுங்க என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். ஊர் அசையவில்லை. தப்பாகச் சொன்னார். மறுபடி சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார். உன் மாமியார் அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வாங்க, நான் வழி காட்றேன்” என்றான் வேடி. அவர்களைத் தார் ரோட்டில் கூட்டிப்போகவில்லை. எந்தக் காட்டுப் பாதையில் உன்னைத் தூக்கிப்போனானோ அந்தப் பாதை. உச்சி வெயில். புதுச் செருப்பு கடித்து, சேர்மன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாராம். தாகம் என்றபோது வேடி தண்ணீர் கொடுத்தான். அவன் உன் தம்பி, கொடுத்துவிட்டான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. வண்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். அடித்தார்கள், கேஸ் போட்டார்கள், ஜெயிலுக்குப் போனேன், வேலை போனது. கஜேந்திரனை விசாரித்தபோது, பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்தேன் என்று சாதித்துவிட்டான். வண்டியை மட்டும் ஊரார் கீழே விடவில்லை. பெண்கள் சக்கரங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அங்கேயே சமைத்தார்கள். டவுன் சிரித்தது. கொட்டகை வாசலில் சேர்மன் நின்றால் பையன்கள் “நடராஜா சர்வீஸ்!” என்று கத்திவிட்டு ஓடினார்கள். கடைசியில் மேலதிகாரிகள் மலைக்கு வந்து பேசி, காலை மாலை வண்டியை மறுபடி விட்டார்கள். ராத்திரி நம் ஊரிலேயே தங்கும் வண்டி. வேறு டிரைவர்.

நான் கணியம்பாடிப் பக்கம் டிராக்டர் ஓட்டிப் பிழைத்தேன். இன்னொரு கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். சேர்மன் நிறைய வருடம் வாழ்ந்தார். நெஞ்சுவலி வந்தபோது அவருக்கு வாசலிலேயே கார் இருந்தது. நேரத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள். பிறகு வயதாகித்தான் போனார். சேதி சொல்ல வேடி வந்தான். “அந்த ஆளு போய்ட்டாரு மாமா. இனிமேலாச்சும் உட்டுடேன்” என்றான். அன்று கறி எடுத்துச் சமைத்து அவனுக்கும் போட்டேன். அவன் சாப்பிடவில்லை. நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

வேடி நல்லவன், அவனால் விட முடிந்தது. என்னால் முடியாது. நாம் போட்டோ ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று நேற்று வெயிலில் நின்று யோசித்தேன், பிடிபடவில்லை. அப்போது அந்த ஆள் வெற்றிலை மடித்தபடி சொன்னது காதில் விழுந்தது. ரத்தம் கொதித்தது. உடனே நீ தெரிந்தாய்: இடது பக்கம், சின்ன சிவப்புக் கல். இந்தக் கோபம் ஒன்றுதான் எனக்கு உன்னைக் கொண்டுவந்து காட்டுகிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.