ரோடு கீழே இறங்கிய வாரம்

மே 12, திங்கள்
காலையிலேயே வெயில். இட்லி மாவு புளித்துவிட்டது. மேஸ்திரி வந்து வாசலில் முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் தடுப்பு கட்டிவிட்டுப் போனார். புது ரோடு வரப்போகிறது. போன தடவை போட்டதிலேயே வீடு பள்ளமாகி, ஐப்பசி மழையில் இவர் வைண்டிங் கட்ட வைத்திருந்த மோட்டார்கள் எல்லாம் தண்ணீரில். இந்தத் தடவை முந்திக்கொண்டேன். தெருவில் பாதி வீட்டில் இதே வேலை.

இவருக்குக் கோபம். "அம்மிணி, என்ற வண்டி எப்பிடி வெளிய போகும்?"

இளம்பிள்ளை வாதம் வந்த கால். மூன்று சக்கர ஸ்கூட்டர் இல்லாமல் எங்கும் முடியாது. ரோடு ஏறியதும் சரிவு போட்டுக்கொள்ளலாம் என்றேன். இப்போதே வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகும் சரிவு மேட்டில் ஏற நான்தான் பின்னால் தள்ளுகிறேன். தள்ளும்போது ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கு அது வலிக்கும்.

மே 13, செவ்வாய்
பெரிய மெஷின் வந்தது. தார் போடவில்லை. பழைய தாரைச் சுரண்டிச் சுரண்டி லாரியில் கொட்டுகிறது. தொப்பி போட்ட சூப்பர்வைசர் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, மேலயே போட மாட்டீங்களா?"

"சொரண்டிட்டுத்தானுங்க்கா போடோணும். மேல மேல போட்டுத்தான ஊடெல்லாம் பள்ளமாப் போச்சு."

ரோடு கீழே. என் தடுப்பு அந்தரத்தில். எதிர் மளிகைக்காரர், "இனி நாமளே ஏறிக் குதிக்கோணுமாட்ட இருக்குதுங்க" என்றார். தெருவே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. வண்டி உள்ளேயே.

மே 14, புதன்
மேஸ்திரி போனை எடுக்கவில்லை. எல்லோரும் இடிக்கக் கூப்பிடுகிறார்களாம்.

பஸ் ஸ்டாப் குழியை இன்று மூடினார்கள். எத்தனை பேர் விழுந்த குழி. மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஓரத்தைச் சதுரமாக வெட்டி, காற்றடித்துத் தூசி போக்கி, தார் தெளித்து, அப்புறம்தான் ஜல்லிக்கலவை. ஒரு பெண் மூலை மூலையாகப் பெருக்குகிறாள், கோலம் போடப்போகிறவள் மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றதில் சாம்பார் அடிப்பிடித்தது.

பெருக்கியவளுக்கு மோர் கொண்டு போனேன். "தார்ச் சூடு பழகிருச்சுங்க்கா. மோருதான் பழகுல, இன்னொரு டம்ளர் குடுங்க" என்றாள்.

மே 15, வியாழன்
புது ரோடு. ரோலர் போய்ப் போய் வந்தது. வாசல் மட்டத்துக்குச் சரியாக நிற்கிறது. என்ன வேலை, என்ன வேலை. வீடு முழுக்கத் தார் வாசனை. இவர் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தார்.

மே 16, வெள்ளி
மேஸ்திரி நாளைக்கு வருகிறாராம். யார் காத்திருப்பது? மளிகைக்காரரிடம் சம்மட்டி இரவல் வாங்கி வந்து தடுப்பை நானே உடைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம். பழைய சரிவு மேட்டையும் சேர்த்துத்தான்.

மே 17, சனி
மேகமூட்டம். புதுச்சத்திரத்துக்கு ஒரு மோட்டார் கொடுக்க வேண்டும் என்றார். வழக்கம்போலப் பின்னால் போய்க் கையை நீட்டினேன். வண்டி அங்கே இல்லை. ரோட்டில் இருந்தது.

"வாரேன் அம்மிணி" என்றார். திரும்பிப் பார்த்துத்தான்.