ஆள் வசிக்காத கட்டடம்

2025 பெப்ரவரி 3
கல் உடைக்கும் ஆலை விடியவே தொடங்கிவிட்டது. மனைவி றுக்கியா குடத்தின் வாயைச் சீலையால் கட்டி வைத்தாள். அப்படியும் தண்ணீரில் கல்தூள். அவளுக்கு இருமல் பிடித்து மூன்று மாதம்.

ஆலையின் சுற்றாடல் உரிமம் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்க விடமாட்டேன். விதிகளை மூன்று தரம் வாசித்து, கயிறு பிடித்து நானே அளந்தேன். வீட்டுக்கும் ஆலைக்கும் இருக்கவேண்டிய தூரத்தில் பாதிகூட இல்லை.

பெப்ரவரி 11
பிரதேச செயலகம் போனேன். சுற்றாடல் உத்தியோகத்தர் டிலுக்ஷி கோப்பைக் காட்டினாள். ஆலைக்குக் கிட்டிய வீடு என்று, எனக்கும் அப்பால் இருக்கும் ஹாசிமின் வீட்டை எழுதியிருக்கிறார்கள். என் வீடு 'ஆள் வசிக்காத கட்டடம்'.

"அதில வசிக்கிற ஆள்தான் முன்னால நிக்கிறன், பிள்ளை."

"தெரியுது ஐயா. ஆனா உங்கட ரெண்டு பேர்ட பேரும் இங்க வாக்காளர் இடாப்பில இல்லையே. மன்னாரில எல்லோ இருக்கு."

ஓம், மன்னாரில்தான். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு அனுப்பினார்கள். இடாப்பிலிருந்தும் போக நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பஸ் ஏறிப் போய் அங்கேதான் வாக்களித்தேன். பெயரை எடுத்தால், நாங்களாகவே போனோம் என்று ஆகிவிடாதா?

பெப்ரவரி 12
மாற்றமாட்டேன்.

பெப்ரவரி 20
ஹாசிம் வந்தான்; அவனுக்கு நான் அண்ணன் முறை. "நானா, மில் முதலாளி கேக்கிறார், ஆள் இல்லாத வீட்டில ஆருக்கு இருமல் எண்டு."

றுக்கியாதான் சிரித்தாள். சிரிப்பே இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

மார்ச் 7
நோன்புக் கஞ்சியிலும் கல் நறநறத்தது. றுக்கியா கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"ஒங்கட வோட்டு மன்னாரில. என்ட நெஞ்சு இங்கதான் கிடக்கு."

அவளும் அதே ஊர்க்காரிதான்.

மார்ச் 10
கிராம சேவகரிடம், பெயர்களை இங்கே மாற்றும் படிவத்தைக் கொடுத்தேன்; முத்திரையிட்ட பிரதி டிலுக்ஷியின் கோப்புக்கு. நிரந்தர முகவரி என்ற இடத்தில் என் எழுத்து கோணிவிட்டது. ஒருநாளும் கோணாத எழுத்து.

மார்ச் 26
டிலுக்ஷி அளவு நாடாவோடு வந்தாள். நுனியை என் வாசற்படியில் வைத்து, "பிடிங்க ஐயா" என்றாள். குனிந்து பிடித்தேன். முதலாளி கத்திக்கொண்டே கூட வந்தார். அவள் எழுதிக்கொண்டே போனாள்.

ஏப்ரல் 4
உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஆலை நின்றுவிட்டது.

யூன் 19
ஊரில் திரும்பக் குடியேறிய மருமகன் முஹ்ஸின் மன்னாரிலிருந்து பேசினான். "மாமா, இடாப்புக்குப் பேர் பதியிறாங்க. வழமை போல ஒங்கட பேரும் போடவா?"

"மாமிக்கு இருமல் கொறஞ்சிட்டு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். பேர் மாமா, பேர்?"

"நல்லாக் கொறஞ்சிட்டு."