பவளம் ஊர் திரும்பிய பிறகு

அக்டோபர் 6, திங்கள்

'கருங்கல் கணவாய்' முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கதைச் செயலியில் ஏற்றினேன். பவளம் காட்டாற்றைத் தாண்டி, கணவாய்க்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்ட தம்பியைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்து, மேட்டிலிருந்து ஊர் விளக்குகளைப் பார்க்கிறாள். அங்கே நிறுத்தினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

வாசகர்களுக்குக் கலங்கவில்லை போலிருக்கிறது. "இவ்வளவுதானா?" "அப்புறம்?" "ஏதோ குறையுதுங்க மேடம்." குந்தாவில் மின்வாரியக் குடியிருப்பில் இருக்கும் இந்து என்ற வாசகி முதல் அத்தியாயத்திலிருந்து கூடவே வந்தவர். அவர் எழுதியிருக்கிறார்: "பவளம் செத்திருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருப்பேன். இதை ஒத்துக்க முடியல."

இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?

அக்டோபர் 8

நான் வேலை பார்க்கும் ஃபேக்டரி ஆபீஸில் கனகமணி அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "ஏனம்மிணி, அந்தப் புள்ளைக்கு ஒரு கண்ணாலத்தப் பண்ணி முடிச்சிருக்கலாமல்ல? அத்தனை கஷ்டப்பட்டுட்டு வருது."

"யாரோடக்கா?"

"யாரோ ஒருத்தன். கதைதானே!"

அக்டோபர் 11, சனி

கோயம்புத்தூரிலிருந்து பதிப்பகத்து நவநீதன் கூப்பிட்டார். புத்தகமாகப் போடுகிறாராம். அடுத்த மூச்சிலேயே, "முடிவு மட்டும் சப்புன்னு இருக்குதுங்க. தம்பியக் கொன்னுருங்க. படிக்கிறவங்க அழுதுட்டே புத்தகத்த மூடோணும்" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

அக்டோபர் 15

காலையில் தம்பியைக் கொன்றேன். சாயங்காலம் மறுபடி உயிர் கொடுத்தேன்.

அக்டோபர் 18

மனுவேல் இதுவரை என் கதையில் ஒரு வரி படித்ததில்லை. புருஷனிடம் போய்க் கேட்பதா என்று இருந்தது. இருந்தாலும் சாப்பிடும்போது முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டாங்க."

"அப்பறம் என்ன? நல்ல முடிவுதான். பஸ் போய்ச் சேர்ந்தாப் போதும். அதுக்கு மேல யாரும் கேக்கக் கூடாது."

குன்னூர்–மேட்டுப்பாளையம் பஸ் ஓட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் என் பக்கம் நின்றது இவர் ஒருவர்தான்.

அக்டோபர் 22, புதன்

பர்லியாருக்கு மேலே மண்சரிவு. ரோடு மூடிவிட்டது. அவர் வண்டி கீழே இறங்கிக்கொண்டிருந்த நேரம். போன் போகவில்லை. டிப்போவில் "விசாரிச்சுட்டிருக்கோம்" என்கிறார்கள். எத்தனை தடவைதான் கேட்பது? அம்மா மரியே — மழை நிற்கவே மாட்டேங்குது.

அக்டோபர் 23

வந்துவிட்டார். யாரோ ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வேன் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "ஒரு போன் பண்ணத் தெரியாதா? யார்கிட்டயாவது வாங்கிப் பேசத் தெரியாதா?" தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் சேறு பிடித்த ஷூவோடு நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு வைத்தேன், சாப்பிட்டார். உப்பு போடாதது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லவேயில்லை.

பக்கத்து வீடுகளிலிருந்து வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் நன்றி சொன்னேன். ஆனால் சந்தோஷம் எங்கே? வந்துவிட்டாரே, அப்புறம் என்ன எனக்கு?

அக்டோபர் 27

ரோடு திறந்துவிட்டது. டிப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. பேப்பர் வந்தால் நின்றபடியே புரட்டுகிறார், எதையோ தேடுகிறார், மடித்து வைத்துவிடுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல."

என்மேல் கோபமா? அன்றைக்குக் கத்தினேனே, அதற்கா?

இந்துவிடமிருந்து இன்னொரு செய்தி: "ஊருக்குள்ள போனதும் பவளத்தோட தம்பி என்ன பேசினான்?" எனக்கென்னங்க தெரியும்! வீட்டிலிருக்கிற மனுஷனே பேசவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மாமா, அத்தை கல்லறைகளில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினோம். திரும்பும்போது அவர் இன்னொன்றை எடுத்து, சுவரோரம் வெறும் மண்ணில் நட்டு ஏற்றினார். அங்கே யாருடைய கல்லறையும் இல்லை.

"யாருக்குங்க?"

"சும்மா."

தலை சுற்றுகிறது எனக்கு.

நவம்பர் 5

சொல்லிவிட்டார். சமையற்கட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கு வளைவில் பின்னாலிருந்து ஒரு பைக் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்ததாம். "எதிர்ல வண்டி இல்லன்னு சைடு குடுத்தேன் ஜெஸி. கைய வெளிய நீட்டி, போன்னு காட்டினேன். அவன் தாண்டிப் போனான். போனதும் மண்ணு வந்துச்சு."

பயணிகளும் இவரும் அவனைக் கையாலேயே தோண்டி இழுத்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் நின்ற ஜீப்பில் தூக்கிப்போட்டு யாரோ கொண்டுபோனார்கள். உயிர் இருந்ததா என்று இவர் கேட்கவில்லை.

"கேட்டிருக்கலாமேங்க."

"பயமா இருந்துச்சு."

நான் என்ன சொல்லணும்? உங்க தப்பில்லன்னு சொன்னேன். அது அவருக்குத் தெரியாதா? கையை நீட்டலன்னா பஸ்தானே முன்னாடி போயிருக்கும்? அப்ப இவர்? அதை நெனச்சதும் — ஆண்டவரே — எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இன்னொருத்தன் மண்ணுக்குள்ள போனதுல எனக்கு நிம்மதி. நான் என்ன மனுஷி?

நவம்பர் 8, சனி

டிப்போவில் சொல்லி விசாரித்ததில் தெரிந்தது. அந்த பைக்காரர் உயிரோடு இருக்கிறார். கிருத்திக் என்று பெயர், மேட்டுப்பாளையத்துப் பழ வியாபாரி. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பேரும் போனோம்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

மனுவேல் கட்டில் பக்கத்தில் நின்று, "நான்தாங்க அந்த பஸ் டிரைவர். நான்தான் போகச் சொல்லிக் கை காட்டினேன்" என்றார்.

கிருத்திக் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த பஸ்ஸுங்க? எனக்கு மழை பேஞ்சதுதான் ஞாபகம் இருக்குதுங்க."

"உங்களுக்குச் சைடு குடுத்தேன்."

"அப்படிங்களா? நீங்க குடுக்கலீன்னாலும் முந்திப் போயிருப்பனோ என்னமோ. தெரியலீங்களே." பிறகு, "நிக்கறீங்களே, உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினோம்.

திரும்பும் வழியில் ரொம்ப தூரம் கழித்து மனுவேல் சொன்னார்: "திட்டியிருந்தா தேவல."

மன்னிக்கவுமில்லை, பழிக்கவுமில்லை. இதற்கு என்ன பெயர்?

நவம்பர் 12

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு எழுதினேன். ஊர் விளக்குகளுக்கு அப்புறம் நடந்தது. பவளம் தம்பியை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். ஊரே மேளம் அடிக்கிறது. அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். ஆற்றில் அவன் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில் இன்னொருவன் இருந்தான் என்கிறான். கயிறு அறுந்ததா, நான் விட்டேனா அக்கா? பவளத்துக்குத் தெரியாது. அவள் கத்துகிறாள். பிறகு அவன் பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

இது திருட்டா? எழுதிவிட்டு அவரிடமே கேட்டேன்.

"அதுல நான் இருக்கனா?"

"பவளத்தோட தம்பிதான் இருக்கான்."

யோசித்தார். "அவன் பக்கத்துல அவ உக்கார்றாள்ல?"

"உக்கார்றா."

"அப்ப எழுது."

நவம்பர் 20

நவநீதனுக்குக் குழப்பம். "முன்னத விட இது இன்னும் சிக்கலா இருக்குதுங்களே! சாவும் இல்ல, கண்ணாலமும் இல்ல." ஆனாலும் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். செயலியில் சண்டை நடக்கிறது. பழைய முடிவே மேல் என்று பாதிப்பேர். கனகமணி அக்கா கல்யாணத்தை இன்னும் விடவில்லை.

இந்து எழுதியிருக்கிறார்: "இப்பவும் எனக்கு மனசு ஆறலைங்க. ஆனா காலையில எழுந்ததும் மறுபடி அதைத்தான் படிச்சேன்."

இது திருப்தியா, இல்லையா? கேட்டு எழுத நினைத்தேன். எழுதவில்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்று டூட்டியில் சேர்ந்தார். வேறு ரூட் தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்று மேட்டுப்பாளையம் வண்டியையே எடுத்திருக்கிறார். "பர்லியார் தாண்டினதும் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆபீஸில் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்தது.

"தாண்டிட்டேன்."

"சரிங்க."

பின்னால் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பைக்காரன் ஒருத்தன் ஹார்ன் அடிச்சுட்டே வந்தான்" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டேன். போறதா வேண்டாமான்னு அவனே பாத்துக்கட்டும்."