மூன்று முறை கூப்பிட்டார்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போன வாரம் போனில் நீ திரும்பத் திரும்பக் கேட்டும் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. போனில் சொன்னால் நீ அங்கே பதறுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பிக்கு பஸ் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, முதல் நாளே தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான், அக்கா புத்தி அப்படியே இருக்கிறது என்றார் அப்பா. வீட்டில் உள்ள தாழ்ப்பாளை எல்லாம் நான் கழற்றச் சொன்னது உனக்குத் தெரியும், குளியலறைக்குக்கூட இல்லை, அதனால் உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று அப்பா குளித்து முடிக்கும்வரை பாடுகிறார். பக்கத்து வீட்டுக்காரி தன் செலவில் தாழ்ப்பாள் வாங்கித் தருகிறேன் என்கிறாள். சிரிக்கிறோம், ஆனால் மாட்ட விடமாட்டேன்.

சித்தி போய் வருஷம் திரும்பிவிட்டது. அன்றைக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் யாரும் முழுசாகச் சொன்னதில்லை, நீயும் கேட்கவில்லை. கம்பெனியில் நான் கீழ்த்தளத்தில் பேக்கிங்கில் இருந்தேன், அவள் மூன்றாவது மாடியில் தையலில். துணி திருடு போகிறது என்று மாடிக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பார்கள். பூட்டுகிற சத்தம் கேட்டால் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்க வேண்டும் என்று அவள் கூட வேலை செய்தவர்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். உனக்குத்தான் தெரியுமே அவள் குரல், கம்பெனியே அவளுக்கு சைரன் என்றுதான் பெயர் வைத்திருந்தது. சைரன் ஊதுகிறாள், வேலையைப் பாருங்கள் என்று மற்றப் பெண்கள் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். தீப்பிடித்தபோது எங்களை வெளியே தள்ளிவிட்டார்கள். நான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதவை அடிக்கிற சத்தமும் அவள் குரலும் கேட்டன. பயந்து கத்தவில்லை கண்ணு, பின்பக்க ஜன்னலுக்குப் போங்க, சின்னப் பொண்ணுங்க முதல்ல என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அப்படிக் குதித்துக் கை கால் ஒடிந்து பிழைத்தவர்கள் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. எனக்கு அது நிற்கவில்லை. மாடி வீட்டில் யாராவது கட்டிலை இழுத்தால்கூட அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுகிறேன், அப்பா பின்னாலேயே வந்து கையைப் பிடித்து அழைத்து வருவார்.

கதவு திறந்துதான் இருந்தது, பெண்கள் பதறி நெரிசலில் விழுந்தார்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. விசாரணை அப்படியே கிடக்கிறது. இப்போது கம்பெனியை வெள்ளையடித்து மறுபடி திறந்தார்கள், நானும் போனேன், போகாமல் எப்படிச் சாப்பிடுவது. என்னைத் தையலுக்கு மாற்றி அதே மூன்றாவது மாடியில் உட்கார வைத்தார்கள். பெயிண்ட் வாசனைக்கு அடியில் பழைய வாசனை இருந்தது, வேறு யாருக்கும் தெரிந்ததா என்று தெரியவில்லை. மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் வெளியே பூட்டுகிற சத்தம். நீ நம்பமாட்டாய், பூட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அத்தனை மெஷினும் நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பட்டன் வைக்கிறவள் ஒருத்தி, வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள், பிறகு நாங்கள் எல்லாரும் நின்றோம். சூப்பர்வைசர் கதவைத் திறந்து என்ன என்று கேட்டான். அவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நிலைப்படியில் போட்டு உட்கார்ந்துவிட்டாள், கதவைச் சாத்த முடியாதபடி. அன்று சாயங்காலமே எங்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தோம். அங்கே யாரும் கூடக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கி ஒட்டினார்கள், அதற்கு அடியிலேயே உட்கார்ந்தோம். கத்துவதில்லை, கை ஓங்குவதில்லை, போலீஸ் தூக்கினால் ஓடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம். அப்போதுதான் நீ போன் பண்ணி, அம்மா போகாதே, உனக்கு ஏதாவது ஆனால் நான் எப்படி வருவேன் என்று அழுதாய். சரி என்று சொன்னேன். மறுநாளும் போனேன்.

அடுத்து என்ன செய்வது என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் சித்தியின் அக்கா என்பதால். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்று உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தால்கூட அவளைத்தானே கூட்டி வருவேன். போலீஸ் அதிகாரி வந்து உங்கள் தலைவி யார் என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டன்காரி அமைதியாக சித்தி பெயரைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள், கடைசியில் நானும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் முழுப் பெயர், நம் வீட்டு விலாசம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். எங்களை வண்டியில் ஏற்றிப் போய் இரண்டு நாள் வைத்திருந்து வெளியே விட்டார்கள்.

அப்புறம் வீட்டுக்கே சம்மன் வந்தது, சித்தி பெயருக்கு. நான் இல்லை, அப்பாதான் வாங்கினார். அந்தம்மா எப்போ வருவாங்க என்று கேட்டானாம் கான்ஸ்டபிள். அப்பா அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கோர்ட்டில் எங்களைச் சுவரோரமாக நிற்க வைத்தார்கள். வழக்கில் முதல் எதிரி என்று குற்றம்சாட்டியிருந்தது அவளைத்தான். டவாலிச் சேவகன் வாசலுக்குப் போய் அவள் முழுப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். ஒரு முறை, இரண்டு முறை. அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. தாழ்வாரம் முழுக்கப் போய் எதிரொலித்து வந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த நானே பார்த்தேன் கண்ணு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள் என்று. எங்கள் பெண்கள் அத்தனை பேரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. வெளியே நின்ற ஒரு ஆள் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

கம்பெனி வக்கீல் எழுந்து, தலைமறைவாகிவிட்டாள், பிடிவாரண்ட் வேண்டும் என்றார். என் வாய் எப்படித் திறந்தது என்று எனக்கே தெரியாது.

"அவ எங்கேயும் ஓடலைங்க ஐயா. ஓட முடியாம கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க."

எந்தக் கதவு என்று நீதிபதி கேட்டார். சொன்னேன். பூட்டிய சத்தம், மாடியிலிருந்து வந்த குரல், அது நின்றது, வெள்ளையடித்த பிறகு மறுபடி பூட்டியது எல்லாம் சொன்னேன். வக்கீல் இது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார். செத்துப்போன பெண்ணை முதல் எதிரியாகப் போட்டுக் கொண்டு வந்தவர்கள் நீங்கள், எப்படிச் செத்தாள் என்று நான் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று நீதிபதி அவரிடம் சொல்லிவிட்டு, இந்தம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அடியுங்கள் என்றார் டைப்பிஸ்ட்டிடம். கதவு பூட்டியிருந்தது என்று ஒரு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது இதுதான் முதல் தடவை. விசாரணைக் காகிதங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கேட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி எங்களை வெளியே விட்டார்.

வெளியே வந்ததும் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நான் அழவில்லை. அந்த மூன்று கூப்பாடும் காதைவிட்டுப் போகவில்லை. இறந்தவளை நாங்கள் எழுப்பிக் கொண்டுபோய்க் கோர்ட் வாசலில் நிறுத்திவிட்டது போல இருக்கிறது. அவள் செய்ய வேண்டியதை மாடியிலேயே செய்து முடித்துவிட்டாள், இனியும் அவளை அலைய விடக் கூடாது. உள்ளே இப்போதும் பூட்டித்தான் வேலை வாங்குகிறார்கள், புதுப் பெண்கள், உன் தம்பியைவிடச் சின்னவர்கள். அதனால் திங்கட்கிழமை மறுபடி கேட்டில் உட்காரப் போகிறோம். இந்தத் தடவை கோர்ட் உத்தரவையும் மீறுவதால் சீக்கிரம் விடமாட்டார்கள் என்கிறார் எங்கள் வக்கீல். தலைவி யார் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்வேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டு வெகுநேரம் என் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

நீ கிளம்பி வர வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். குட்டிக்குக் காது வலி என்றாயே, டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, அவராக எதுவும் சொல்லமாட்டார், நீ பேசிக்கொண்டே இரு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் குட்டிக்கும் என் ஆசி எப்போதும் உண்டு, நீங்கள் நீண்ட நாள் நிம்மதியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா