வெள்ளைச் சப்பாத்துக்காரர்

சின்னம்மா,

முதலில் என் கண்ணில் பட்டது அந்த வெள்ளை ரப்பர் சப்பாத்துகள்தான். இன்று காலை வியா மக்வேதா தெருவில், அம்மாவின் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் கண்காட்சி மண்டபத்தில் அம்மாவும் நானும் தரை துடைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் படங்கள் எல்லாம் சுவர்களில் ஏறிவிட்டன. நடுச்சுவருக்கென்று ஒன்று மட்டும் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் அடிப்பக்கம் கழன்றிருந்தது. முழங்கால் வரை ஏறிய வெள்ளைச் சப்பாத்து, இடது காலில் ஒரு கறுப்பு ஒட்டு. அதற்கு மேலே பார்க்கத் தேவையிருக்கவில்லை. துடைக்கும் தடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

கண்காட்சி நாளை மாலை திறக்கிறது. நீங்கள் யப்பானில் இருந்தபோது எடுத்த படங்களை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று சிஞ்ஞோரா உங்கள் செத்தவீட்டிலேயே சொன்னார். அம்மா ஓம் என்றார். அம்மா அவருடைய வீட்டில்தான் வேலை செய்கிறார். அவர் கையெழுத்து வைத்தால்தான் இந்த நாட்டில் இருப்பதற்கான அம்மாவின் அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கப்படும். அதற்காக மட்டும் அம்மா சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். உங்கள் பெயரைச் சுவரில் பார்க்க அவருக்கும் ஆசை. அலுமாரிக்குப் பின்னால் துணி சுற்றி நீங்கள் வைத்திருந்த பெரிய பிரதிகளை அவிழ்த்தும் பார்க்காமல் அப்படியே கொடுத்துவிட்டார். அன்று நான் வேறு வீட்டில் வேலையில் இருந்தேன்.

அந்தப் படத்தை நீங்கள் கழுவிய நாள் நினைவிருக்கிறது. அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்த வீட்டின் குளியலறை யன்னலைப் போர்வையால் மூடியிருந்தீர்கள். குசினி வரை வினாகிரி மணம். ஈரத்தோடு அதைத் தூக்கிக் காட்டினீர்கள். ஏதோ ஒரு கடற்கரை ஊரில், மீன் பொதி செய்யும் தொழிற்சாலை, மதியச் சாப்பாட்டு நேரம். நீண்ட வாங்கில் யப்பானியப் பெண்கள் வரிசையாக இருந்து குச்சிகளால் சாப்பிடுகிறார்கள். வாங்கின் கடைசியில் ஒரு தமிழ் ஆள் சோற்றைக் கையால் பிசைந்தபடி நிமிர்ந்து சிரிக்கிறார். பக்கத்திலிருக்கும் வயதான பெண் தன் குச்சிகளை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அவருடைய விரல்களையே பார்க்கிறாள். அவள் முகத்தில் அருவருப்பு இல்லை. எப்படிச் செய்கிறார் என்று படிப்பதுபோல இருக்கிறது.

"அடுத்த நாள் அந்த மனுசி ஒருத்தருக்கும் தெரியாமல் கையாலை ஒரு வாய் திண்டு பாத்தது. நான் அதை எடுக்கேல்லை, பாவம்," என்றீர்கள்.

அந்தத் தமிழ் ஆள் வன்னியிலிருந்து போனவர். விசா முடிந்தும் அங்கேயே நின்றுவிட்டவர். படம் எடுக்க விட்டார், ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டார்: "அக்கா, நான் இஞ்சை இருக்குமட்டும் என்ரை முகத்தை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ." அதனால் ஒரேயொரு பிரதிதான் எடுத்தீர்கள். பிலிமில் அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி, என் கண்முன்னே கத்தரிக்கோலால் தூளாக்கினீர்கள். பிரதி, அவர் யப்பானை விட்டு வெளியே வருகிற அன்றைக்கு அவர் கையில் கொடுப்பதற்கு.

உங்கள் செத்தவீட்டுக்கு மறுநாள் அந்த ஆள் என் அம்மாவுக்குப் போன் எடுத்து அழுதார். இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். படத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்திருப்பார்.

சிஞ்ஞோரா வந்து பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கிழித்தார். எல்லாவற்றிலும் இதுதான் நல்லது, இந்தச் சிரிப்பைப் பார் என்றார். சுவரொட்டியில் இதைத்தான் போடப் போகிறாராம். அதற்கு முன்னால் இன்றைக்கே இணையத்தில் போட்டுவிடுவாராம். யார் இவர், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். "இது கொஞ்சம் கஷ்டம், சிஞ்ஞோரா," என்று இத்தாலியனில் முணுமுணுத்தேன். அவர் என் கன்னத்தில் தட்டினார். ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனைத் தேடப் போனார்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்து, பதினாறு வயதில் அதையும் விட்டுவிட்டு வந்தவள் நான். வேண்டாம் என்று எவரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. "எடியே, நீ யப்பானிலை பிறந்திருக்க வேண்டியவள்," என்பீர்கள். "அங்கை ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லாயினம். 'அது கொஞ்சம்...' எண்டு இழுப்பினம். கேக்கிற ஆள் விளங்கிக்கொண்டு போயிடும். பலெர்மோவிலை அப்பிடி இழுத்தியெண்டால் தலையிலை மூட்டையை ஏத்திப்போடுவாங்கள்."

முதல் வருடம் அந்த இழுப்பு உங்களுக்கே விளங்கவில்லையாம். மறுத்தவர்களையும், அவர்கள் மறுத்தது தெரியாமலே படம் எடுத்துத் திரிந்திருக்கிறீர்கள். விளங்கிய பிறகு, எவ்வளவு நல்லவையானாலும், அந்தப் படங்களை ஒருவருக்கும் காட்டவில்லை.

நான் பின்னறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்தார். யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் சொல்லுங்கோவன் அம்மா."

"என்னெண்டு சொல்ல? ஏன் எண்டு கேப்பா. விசா இல்லாத ஆள் எண்டு சொல்லுறதோ?"

"அதைச் சொல்லேலாது."

"பிறகென்ன? காரணமும் சொல்லாமல் மறிச்சால் எனக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? நீயோ?" அம்மா துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை. "பலெர்மோவிலை தொங்கிற படத்தை யப்பான் பொலிஸ் வந்து பாக்கப்போகுதோ?"

"இணையத்திலை போட்டால் அங்கையும் பாப்பினம்."

அதற்குள் சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டார்.

படத்தில் வெளிச்சம் விழவில்லை, யன்னல் பக்கம் கொண்டுபோய் நிமிர்த்திப் பிடி என்றார். பிடித்தேன். அவர் போனின் கமராவைக் கழுத்துத் துணியால் துடைத்தார். போனை உயர்த்தினார். நான் படத்தைத் திருப்பி, அதிலிருந்த ஆளின் முகத்தை என் நெஞ்சோடு வைத்தேன்.

"மற்றப் பக்கம், தெசோரோ," என்று சிஞ்ஞோரா செல்லமாகக் கூப்பிட்டுச் சிரித்தார்.

"இல்லை, சிஞ்ஞோரா."

இந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு போனை இறக்கிவிட்டு ஏன் என்று கேட்டார். நல்ல குரலில்தான் கேட்டார். உங்களை விரும்பியவர் அவர். காரணத்தைச் சொன்னால் விட்டுவிடுவேன் என்றார். அது என் நாக்கு நுனிவரை வந்தது, சின்னம்மா. சொல்லியிருந்தால் எல்லாமே லேசாக முடிந்திருக்கும், படத்திலிருக்கும் ஆளின் இரகசியத்தைத் தவிர.

"காரணம் சொல்லமாட்டேன். இதைத் தரவும் மாட்டேன்."

பின்னறையில் வாளிச் சத்தம் நின்றது. சிஞ்ஞோரா என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்து, உன் மகளுக்கு என்ன வந்தது என்று கேட்டார். அம்மா வாசலில் ஈரக் கையோடு நின்றார். என்னைப் பார்த்தார், படத்தின் முதுகுப்புறத்தைப் பார்த்தார். கீழே வைத்துவிட்டுப் போ, மிச்சத்தை உன் அம்மாவோடு கதைத்துக்கொள்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. அந்தக் குரல் இப்போது வேறு.

நான் படத்தை வைக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, தெருவில் இறங்கி வீட்டை நோக்கி நடந்தேன்.