வெயில் படும் இடம்

12.7.96, வெள்ளி

காலை முதல் தூறல். ரானுயியிலுள்ள எங்கள் இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடுமுன், நகரசபை அலுவலர் நீச்சல் குளத்து வேலியைப் பார்வையிட்டார். கேற்றைத் திறந்து கையை எடுத்தார். தானாகவே சாத்திக் கொளுவிக்கொண்டது. திருப்தி.

வாங்க: திரைச்சீலை, பல்ப் இரண்டு, பால்.

பிற்பகல் முழுவதும் அகராதியும் நானும். குடிவருவோருக்காகக் குளத்து விதிகளைத் தமிழாக்கினேன். 'ஏறுதற்கு ஏதுவான எப்பொருளும் வேலியை அண்மித்து வைக்கலாகாது.' செம்மையான வாக்கியம். வேலை முடிந்து வந்த இவர் வாசித்துச் சிரித்தார்: "என்னப்பா, கோயில் கல்வெட்டே?" எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். இவர் மறக்கலாம், நான் மறப்பதில்லை.

14.7, ஞாயிறு

வெயில், ஆயினும் கடுங்குளிர். இந்நாட்டில் யூலைதான் குளிர்காலம். குடித்தனக்காரர் வருகை. தமிழ்நாடு. கணவர் கணினி வேலை. மனைவி செல்வி, ஆங்கிலம் இன்னும் வரவில்லை. மகள் அபி, நாலு வயது, ஓயாத வாய்.

பால் காய்ச்சியபின் விதிகளை உரக்க வாசித்தேன். "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்றாள் செல்வி.

அபி: "எனக்கு நீஞ்சத் தெரியும் பெரியம்மா!"

செல்வி: "பொய்யி! வாளித் தண்ணிக்கே அழுவா."

என் அன்பளிப்பு, கறிவேப்பிலைச் சட்டி. மூன்று குளிர்காலம் காப்பாற்றிய செடி. ஆண்கள் இருவருமாய்த் தூக்கி இறக்கினர். "வெயில் படுற இடமாப் பாத்து வையுங்கோ. இல்லாட்டிப் பட்டுப்போம்" என்றேன்.

23.7, செவ்வாய்

மதியம் தொலைபேசி. அபி குளத்தில்.

ஆஸ்பத்திரி. மூச்சு இயந்திரத்தினுடையது. செல்வி என் கையை விடவில்லை. "கேட்டு சாத்தித்தான் இருந்துச்சுக்கா. சத்தியமா."

நம்பவில்லை. எதையாவது முட்டுக்கொடுத்துத் திறந்துதான் விட்டிருப்பார்கள் என மனத்துள் தீர்ப்பளித்துவிட்டேன்.

24.7, புதன்

குழந்தை போய்விட்டது.

இவர் வேலைக்குச் செல்லவில்லை. அடுப்பும் மூட்டவில்லை.

26.7, வெள்ளி

ரானுயி. மழையில்லை. பொலிஸ் அதிகாரி விசாரணை. செல்வியின் கணவர் பேசும் நிலையில் இல்லை. செல்விக்கு மொழிபெயர்க்க நான். இவரும் உடன்.

குளத்து வேலியோரம் மட்டுமே வெயில். மற்றப் பக்கமெல்லாம் நிழல். வேலியை ஒட்டியபடி என் கறிவேப்பிலைச் சட்டி. சட்டி மண்ணில் சிறு பாதச்சுவடு ஒன்று.

விதி தெரியுமா என அதிகாரி கேட்டார்.

"அக்கா வாசிச்சாங்க. ஏணி, நாற்காலின்னு நெனச்சேன். செடியப் போய் யாருக்கா பொருள்னு சொல்லுவா?"

மொழிபெயர்த்தேன்.

சட்டியை இங்கே வைத்தது ஏன்?

"வெயில் படற எடத்துல வைக்கணும்னு இந்த அக்காதான் சொன்னாங்க. இங்கதான் வெயில்." குரலில் குற்றச்சாட்டு இல்லை. என் தயவைச் சொல்வதுபோலவே சொன்னாள்.

இவர் என் காதருகே: "அதை விடும். சொல்லாதையும்."

அதிகாரி பேனையுடன் என் முகம் பார்த்துக் காத்திருந்தார்.

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை.